பொட்டாசியத்தை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள்

மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

நீங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் உயிரியல் நடத்தி அனுப்பும் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் எதிர்கொள்ளும் உடலியங்கியல் ஆசிரியர்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நரம்பில் தூண்டல் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஓய்வுநிலையில் உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட்; தூண்டினால் சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் ஏறும்; பிறகு பொட்டாசியம் வெளியேறும், பழைய நிலை திரும்பும்; பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். நீட் தேர்வுக்கு இது போதும்.

இந்தப் பதிலில் சோடியத்துக்கு ஒரு பக்கம் என்றால் பொட்டாசியத்துக்கு இரண்டு வரி. என் வழக்கே அந்த இரண்டு வரியைப் பற்றியதுதான். ஒரு நரம்பு செல் எப்போது துடிக்கும், எவ்வளவு வேகமாகத் துடிக்கும், எப்போது அடங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அதன் சவ்வில் உள்ள பொட்டாசியம் கால்வாய்கள். மனித உடலில் மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் கால்வாயின் முதன்மைப் புரதத்துக்கு 9 மரபணுக்களே இருக்கின்றன. பொட்டாசியம் கால்வாய்களுக்கோ ஏறக்குறைய 80. மற்ற எந்த அயனிக்கும் இத்தனை வகைக் கால்வாய்களை உடல் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் இல்லாமலா இருக்கும்?

முதலில் ஓய்வுநிலை. மைனஸ் 70 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் பம்பைத்தான் கைகாட்டுவார்கள். மூன்று போகிறது, இரண்டு வருகிறது, ஆகவே உள்ளே ஒரு நேர்மின் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பம்ப் இப்படி நேரடியாக உண்டாக்குவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஊசிக்கணவாயின் தடித்த ஆக்சானில் பம்பை நஞ்சு கொடுத்து நிறுத்தினாலும் மின்னழுத்தம் அப்போதே சரிந்துவிடாது. அந்த ஆக்சான் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கில் தூண்டல்களை அனுப்பும். பம்பின் வேலை, உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும்படி நீண்ட கால அளவில் பார்த்துக்கொள்வது.

மின்னழுத்தத்தை உண்டாக்குவது, ஓய்விலும் திறந்தே இருக்கும் ஒருவகைப் பொட்டாசியம் கால்வாய்கள். செல்லுக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொட்டாசியம், வெளியே 4. ஆகவே பொட்டாசியம் வெளியே கசிகிறது. அதற்கு இணையான எதிர்மின் கொண்ட பெரிய மூலக்கூறுகளால் சவ்வைத் தாண்ட முடியாது. அவை உள்ளேயே தங்கிவிடுகின்றன. கசியக் கசிய உள்ளே எதிர்மின் கூடுகிறது. அது வெளியேறப் பார்க்கும் பொட்டாசியத்தைத் திருப்பி இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் சமமாகும்போது கசிவு நின்றுவிடும். இதற்காக வெளியே போக வேண்டிய அயனிகள் மிகமிகச் சொற்பம். உள்ளே இருக்கும் 140 கொஞ்சமும் அசையாது. ஓய்வில் இருக்கும் சவ்வு பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடுகிறது என்ற கருத்தை ஜெர்மனியின் ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன் 1902-இல் வெளியிட்டார். மரபணுவும் தெரியாத, கால்வாய் என்ற எண்ணமும் உருவாகாத காலம் அது.

இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டலாம். உடல் வெப்பநிலையில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு எளிமையானது: வெளியே உள்ள செறிவை உள்ளே உள்ள செறிவால் வகுத்து, லாக் எடுத்து, 61-ஆல் பெருக்க வேண்டும். 4-ஐ 140-ஆல் வகுத்து லாக் எடுத்தால் மைனஸ் 1.54, பெருக்கினால் மைனஸ் 94 மில்லிவோல்ட். உண்மையில் நரம்பு செல் மைனஸ் 70-ஐ ஒட்டி நிற்பது, சோடியமும் சிறிதளவு உள்ளே கசிவதால்தான். மைனஸ் 70 என்ற எண்ணை மனப்பாடம் செய்யும் பிள்ளை, அது எங்கிருந்து வருகிறது என்று தானே கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அதே கணக்கை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். இம்முறை வெளியே 4-க்குப் பதில் 8. விடை மைனஸ் 76. அதாவது 18 மில்லிவோல்ட் மேலே வந்துவிட்டது. இப்போது பிள்ளைகளிடம், டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாத்தாவுக்கு இளநீர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் ஏன் சொல்கிறார் என்று கேளுங்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் அதிகப்படியானதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் தசையின் ஓய்வுநிலை மின்னழுத்தமும் கூடவே மேலே ஏறும். அது நீடித்தால் சோடியம் கால்வாய்கள் மறுபடி திறக்க முடியாத நிலைக்குப் போய்விடும். மின்தூண்டல் தளர்ந்து, துடிப்பு தாறுமாறாகி, இதயம் நின்றும் போகலாம். வார்டில் பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தை நீர்க்கச் செய்யாமல் சிரையில் நேரடியாக ஏற்றவே கூடாது என்று செவிலியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். உங்கள் கரும்பலகைக் கணக்கு ஒன்றே போதும், வீட்டில் நடப்பதும் ஆஸ்பத்திரியில் நடப்பதும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

அடுத்தது தூண்டல். 1939-இல் இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆக்சானுக்குள் மெல்லிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தி, தூண்டலின் மின்னழுத்தத்தை உள்ளிருந்தே அளந்தார்கள். அதே ஆண்டில் போர் மூண்டது, வேலை நின்றது. போர் முடிந்து திரும்பியவர்கள், சவ்வின் மின்னழுத்தத்தைத் தாங்கள் விரும்பும் அளவில் பிடித்து நிறுத்தி, அந்த அளவில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளக்கும் முறையைக் கையாண்டார்கள். சோடியம் சட்டென்று உள்ளே பாய்ந்து, மின்னழுத்தம் உயர்ந்தே இருந்தாலும் தானாக அடங்குகிறது. பொட்டாசியம் சற்றுத் தாமதமாகக் கிளம்பி வெளியே பாய்கிறது. மின்னழுத்தம் உயர்ந்திருக்கும்வரை அது பாய்ந்துகொண்டிருக்கும்.

அந்தத் தாமதத்தை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு கால்வாய்களும் ஒரே கணத்தில் திறந்தால், வருவதும் போவதும் ஒன்றையொன்று ஈடுகட்டித் தூண்டலே உண்டாகாது. பொட்டாசியம் ஒரு மில்லிநொடி அளவுக்குப் பின்தங்குவதால்தான் மின்னழுத்தம் ஏறவும் முடிகிறது, ஏறிய வேகத்தில் இறங்கவும் முடிகிறது.

1952-இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகளில் பொட்டாசியத்துக்கான உறுப்பு நான்காம் அடுக்கில் இருந்தது. நான்கு துகள்கள் ஒருசேர இடம் மாறினால்தான் பொட்டாசியத்துக்கு வழி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் அளவீடுகள் பொருந்தின. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் இந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தார். சமன்பாடு பொருந்துகிறது என்பதே உள்ளிருக்கும் இயங்குமுறைக்குச் சான்றாகிவிடாது என்று அவர்களே எச்சரிக்கையும் செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, பொட்டாசியம் கால்வாய் நான்கு ஒரேமாதிரித் துண்டுகள் வட்டமாகக் கூடி அமைந்தது என்பது தெரியவந்தது. கணக்கு முன்னே போக, கண் பின்னே வந்த கதை இது.

அந்தப் புரதத்தை முதலில் காட்டிக் கொடுத்தது பழ ஈ. ஈத்தர் கொடுத்து மயக்கினாலும் கால்களை உதறிக்கொண்டே இருந்த ஒரு திரிபு ஈக்கு ‘ஷேக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் லில்லி ஜான், யூ நுங் ஜான் தம்பதியின் ஆய்வகம் உள்ளிட்ட சில குழுக்கள் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன. முதன்முதலில் கிடைத்த பொட்டாசியம் கால்வாய் மரபணு அதுதான். அது பழுதான ஈயின் நரம்பு முனைகளில் தூண்டல் நேரத்தோடு அடங்குவதில்லை; காலும் ஓயாது. அதே மரபணுவில் ஏற்பட்ட வேறொரு திரிபு கொண்ட ஈக்கள் இயல்பான ஈக்களில் மூன்றில் ஒரு பங்கு நேரமே தூங்குகின்றன என்று 2005-இல் தெரிந்தது.

இந்த இடத்தில் கூர்மையான பிள்ளை ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. பெரியது நுழையும் ஓட்டையில் சிறியது ஏன் நுழையவில்லை?

1998-இல் ராடெரிக் மெக்கின்னன், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரில் அதன் வடிவத்தைக் கண்டு இதற்கு விடை சொன்னார். 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரில் கிடக்கும் அயனி தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் முனையை அதன் பக்கம் திருப்பி நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். கால்வாயின் மிகக் குறுகிய பகுதியில் நுழைய அயனி இந்த நீரையெல்லாம் விட்டுவிட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். அந்தக் குறுகிய பகுதியின் சுவரில், நான்கு துண்டுகளிலிருந்தும் ஆக்சிஜன் அணுக்கள் உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பொட்டாசியம் அளவுள்ள அயனி நடுவில் நின்றால் எல்லா ஆக்சிஜனும் சரியான தூரத்தில் அமையும். விட்ட நீருக்கு ஈடு கிடைத்துவிடும். சோடியம் சிறியதாக இருப்பதால் எல்லா ஆக்சிஜனோடும் ஒரே நேரத்தில் நெருங்க முடியாது. நீரை விட்ட நட்டம் நட்டமாகவே நிற்கும். அதனால் அது உள்ளே வருவதில்லை.

இவ்வளவு கறாராகப் பிரித்தும் ஒரு கால்வாய் வழியே நொடிக்குக் கோடிக்கணக்கான பொட்டாசியம் அயனிகள் கடந்து செல்கின்றன. வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் எதுவும் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இந்த வடிகட்டியை அமைக்கும் அமினோ அமில வரிசை மண் பாக்டீரியாவிலும் மனித மூளையிலும் ஏறக்குறைய ஒன்றே. பரிணாமப் பாடத்துக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வடிகட்டி ஒன்றுதான், எதைக் கேட்டு வாயில் திறக்கும் என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு. பாடத்தில் நாம் விட்டுவிடுவதும் இதைத்தான்.

ஏ-வகை என்று ஒன்று. தூண்டல் வெடிக்கும் எல்லையைத் தொடுவதற்கு முன்பே இது திறந்து, சற்று நேரத்தில் தானே அடங்கும். இது இருக்கும் செல், வெளியிலிருந்து தூண்டிக்கொண்டே இருந்தாலும் நிதானமாக இடைவெளி விட்டுத்தான் பதில் சொல்லும். எம்-வகை மெதுவாகத் திறக்கும், தானாக அடங்காது. டேவிட் பிரவுன், பால் ஆடம்ஸ் இருவரும் 1980-இல் தவளையின் பரிவு நரம்பு செல்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். அசிட்டைல்கோலின் வந்தால் இது மூடிக்கொள்ளும். செல் எளிதில் கிளர்ச்சி அடையும். கால்சியத்தால் திறப்பவை சில. செல் தொடர்ந்து துடிக்கத் துடிக்க உள்ளே கால்சியம் சேரும். இவை திறந்து துடிப்பைக் குறைக்கும். ஏற்பிகள் ஜி-புரதம் வழியாகத் திறந்துவிடுபவை இன்னொரு வகை. மார்ஃபின் வலியைத் தணிக்கும் வழிகளில் ஒன்று, வலிச் செய்தியைக் கடத்தும் செல்களில் இவற்றைத் திறப்பது. வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைப்பதும் இவற்றின் உதவியால்தான்.

வகுப்பில் நாம் சொல்லும் ஒப்புமை ஒன்று உண்டு: சோடியம் ஆக்சிலரேட்டர், பொட்டாசியம் பிரேக். தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பிள்ளைகள் தவறான முடிவுக்கு வருவார்கள். நம் காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் செய்தி கொண்டுவரும் வழியில் உள்ள சில செல்கள் நொடிக்குப் பல நூறு முறை துடிக்கின்றன. அவற்றில் நிறைந்திருப்பது கேவி3 என்ற அதிவேகப் பொட்டாசியம் கால்வாய். அது சட்டென்று திறந்து ஒவ்வொரு துடிப்பையும் குறுக்கி, சட்டென்று மூடிவிடும். மின்னழுத்தம் விரைவாகக் கீழே இறங்கினால்தான் அடங்கிப்போன சோடியம் கால்வாய்கள் அடுத்த முறை திறக்கத் தயாராகும். ஆக இங்கே செல் வேகமாகத் துடிப்பதே பொட்டாசியத்தின் தயவில்தான். கேவி3-ஐ எடுத்துவிட்டால் வேகம் கூடாது, குறையும். பிரேக் பிடித்தால் வேகம் கூடும் வண்டியை யாரும் பார்த்ததில்லை. ஒப்புமை இந்த இடத்தோடு முடிந்துபோகிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கால்வாய்கள் பழுதானால் என்ன ஆகும்? எம்-வகையை உருவாக்கும் கேசிஎன்க்யூ2, கேசிஎன்க்யூ3 என்ற இரு மரபணுக்களில் திரிபு இருக்கும் சில குடும்பங்களில், பிறந்த சில நாட்களிலேயே குழந்தைக்கு வலிப்பு வருகிறது. காரணம் இந்த மரபணுக்கள்தான் என்பது 1998-இல் தெரிந்தது. கால்வாயின் மின்னோட்டம் நான்கில் ஒரு பங்கு குறைந்தாலே வலிப்புக்குப் போதும் என்று ஆய்வுகள் காட்டின. இவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலிப்பு நின்றுவிடும். ஆனால் அதே கேசிஎன்க்யூ2-இல் ஏற்படும் வேறு சில திரிபுகள் குழந்தையின் வளர்ச்சியையே பாதிக்கும் கடுமையான நோயைத் தருகின்றன. எம்-வகையைத் திறந்து வைக்கும் ரெட்டிகாபின் என்ற வலிப்பு மருந்து 2011-இல் ஒப்புதல் பெற்றது. தோலும் விழித்திரையும் நிறம் மாறும் பக்கவிளைவு தெரியவந்து, பயன்பாடு சுருங்கி, 2017-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அது காட்டிய வழியில் புதிய மருந்துகளுக்கான தேடல் தொடர்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு மருந்து உண்டு. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயில் ஆக்சானின் மயலின் உறை சிதைந்து, அடியில் மறைந்திருந்த பொட்டாசியம் கால்வாய்கள் வெளிப்படுகின்றன. அவற்றின் வழியே மின்னோட்டம் கசிவதால் தூண்டல் பாதியில் தேய்ந்துவிடுகிறது. இந்தக் கால்வாய்களை அடைக்கும் 4-அமினோபிரிடின், நோயாளிகளின் நடையைச் சீராக்கும் மருந்தாக 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அளவு மிஞ்சினால் அதே மருந்து வலிப்பைக் கொண்டுவரும்.

நம் ஊர்ப் புறங்களில் கல்லுக்கடியில் கிடக்கும் செந்தேளையும் பாடத்துக்கு அழைத்து வரலாம். அதன் கொட்டில் உயிருக்கு ஆபத்தானவை பெரும்பாலும் சோடியம் கால்வாய்களை மூடவிடாமல் செய்யும் நஞ்சுகள். ஆனால் அதே நஞ்சில் ஐபீரியோடாக்சின், டாமாபின் என்ற இரு சிறு புரதங்களும் உள்ளன. இரண்டும் கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்களின் வெவ்வேறு வகைகளை அடைப்பவை. ஒரு செல்லில் எந்த வகைக் கால்வாய் இருக்கிறது என்று கண்டறிய உலகெங்கும் நரம்பியல் ஆய்வகங்களில் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

என் வேண்டுகோள்கள் நான்கு. பம்பையும் கால்வாயையும் தனித்தனியாக நடத்துங்கள். மின்னழுத்தம் யாருடையது, செறிவு வேறுபாடு யாருடையது என்று பிள்ளைகள் பிரித்துச் சொல்ல வேண்டும். நெர்ன்ஸ்ட் கணக்கை ஒரு முறையாவது பிள்ளைகள் கையால் போடட்டும். வேதியியல் ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். செயல்நிலை மின்னழுத்தத்தின் ஒரே வளைகோட்டை வரைந்து நிறுத்தாமல், பக்கத்தில் வேகமாகத் துடிக்கும் செல்லின் வளைகோட்டையும் நிதானமாகத் துடிக்கும் செல்லின் வளைகோட்டையும் வரைந்து, இரண்டிலும் சோடியம் இருக்கும்போது ஏன் இந்த வேறுபாடு என்று கேளுங்கள்.

நான்காவது வேண்டுகோள் தேர்வுக்கு வெளியே உள்ளது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்கும். மூளை செல்கள் கட்டுக்கடங்காமல் துடிக்கும்போதே அவற்றுக்குள் கால்சியம் சேர்ந்து, பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து, துடிப்பை அடக்க முயல்கின்றன. வலிப்பை நிறுத்தும் காரணங்களில் அதுவும் ஒன்று. பெயர் மட்டும் இரும்புக்குப் போய்விடுகிறது. இதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. உங்கள் பள்ளியிலேயே வலிப்புள்ள ஒரு பிள்ளை இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள் என்று பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பாடத்திட்டம் நெருக்குவது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்: நரம்பு மண்டலப் பாடத்துக்கு இந்த ஆண்டு ஒரு பீரியட் கூடுதலாக ஒதுக்குங்கள். அதை முழுக்கப் பொட்டாசியத்துக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்கு அடுத்த வகுப்பு எடுக்கும் ஓர் உடலியங்கியல் ஆசிரியர்